யாழ்ப்பாணத்தில் வைரம் வாங்கப் போகிறவர்களுக்கு: நம்பக்கூடிய நகைக்கடையைத் தேடும் முறை

எங்கள் வீட்டில் தங்கம் வாங்க யாரும் இரண்டாம் முறை யோசிப்பதில்லை. அம்மம்மா காலத்தில் இருந்தே ஒரே பத்தர்தான். தாலிக்கொடி, காப்பு, சங்கிலி எல்லாம் அவர் கையால் வந்தவை. அவருக்குப் பிறகு அவர் மகன். பவுண் கணக்கில் ஒருநாளும் பிழை வந்ததில்லை. அந்தப் பழக்கத்தில்தான் என் மச்சாளின் கலியாணத்துக்கு வைரத் தோடு எடுக்கும்போதும் நடந்துகொண்டோம். தெரிந்தவர்கள் சொன்ன ஒரு கடைக்குப் போனோம், பெட்டியைத் திறந்து பார்த்தோம், விலையைக் கொஞ்சம் குறைத்துப் பேசிக் காசைக் கட்டிவிட்டு வந்தோம். மூன்று வருடம் கழித்து அவள் கனடாவில் அந்தத் தோட்டைக் காப்புறுதிக்காக மதிப்பிடக் கொடுத்தாள். இரண்டு கல்லும் ஆய்வுகூடத்தில் வளர்த்தவை என்று வந்தது. நாங்கள் கொடுத்ததோ இயற்கைக் கல்லின் விலை.

திரும்பக் கடைக்குப் போனபோது கடைக்காரர் அதிர்ந்துபோனார். "தங்கச்சி, நானும் இயற்கைக் கல் எண்டு நம்பித்தான் வாங்கினனான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே எனக்குப் பட்டது. ஆனால் கையில் இருந்த பற்றுச்சீட்டில் "கல் தோடு 1 சோடி" என்று மட்டும் இருந்தது. இயற்கை என்ற சொல் கிடக்கட்டும், வைரம் என்ற சொல்லே அதில் இல்லை.

அன்றைக்குத்தான் ஒன்று விளங்கியது. தங்கத்துக்கு நேர்மையான மனிதர் போதும். உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் அவருக்கே தெரிந்துவிடும். வைரத்தில் நேர்மையான மனிதரும் ஏமாறுவார், ஏனென்றால் கண்ணாலோ லென்ஸாலோ பார்த்துச் சொல்ல முடியாத வேறுபாடுகள் இப்போது வந்துவிட்டன. ஆகவே நாங்கள் தேட வேண்டியது நேர்மையோடு கல்லைச் சோதிப்பதற்கு வழியும் வைத்திருக்கிற கடையை. அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் இன்னும் இரண்டு தரம் வைரம் வாங்கினோம். அப்போது செய்தவற்றைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: வீட்டிலேயே பேசித் தெளிவாகுங்கள்

வைரம் என்ற பெயரில் உங்கள் முன் வைக்கப்படக்கூடியவை பல. நிலத்தில் இருந்து எடுத்த இயற்கை வைரம் ஒன்று. ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரம் இன்னொன்று. இது போலிக் கல் அல்ல. அதே கரிமம், அதே கடினம், அதே மினுக்கம். 1950களிலேயே அமெரிக்காவில் செய்து காட்டிவிட்டார்கள். நகைக்குப் பெருமளவில் வரத்தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். இதன் விலை கடந்த சில வருடங்களில் மளமளவென்று விழுந்துவிட்டது. ஆய்வுகூடக் கல் என்று தெரிந்து, அதற்குரிய விலை கொடுத்து வாங்கினால் அதில் ஒரு குறையும் இல்லை. பெரிய கல்லாகப் போட ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நானே அதைச் சொல்கிறேன். இயற்கைக் கல்லின் விலையில் அதை வாங்குவதுதான் நட்டம்.

அப்புறம் மொய்சனைட். இது சிலிக்கன் காபைட், வைரமே அல்ல. கியூபிக் சேர்க்கோனியா என்பது மலிவான கல், நாங்கள் அமெரிக்கன் வைரம் என்று சொல்வது இதைத்தான். எங்கள் நாட்டுக்கே உரிய இன்னொன்றும் உண்டு: மாத்தறை வைரம். பெயரில்தான் வைரம், உண்மையில் அது நிறமில்லாத சேர்க்கோன் என்ற இரத்தினக்கல். இலங்கை மண்ணில் நீலக்கல் உண்டு, புஷ்பராகம் உண்டு, வைரச் சுரங்கம் கிடையாது. அதனால் "இது ஊர் வைரம், பழைய கல்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் நிதானியுங்கள். வைரத்தின் விளிம்புகள் பரம்பரை கடந்தும் கூராக இருக்கும். சேர்க்கோனில் விளிம்பு தேய்ந்து, பொடிப்பொடியாக உடைந்திருப்பது லென்ஸில் தெரியும்.

இன்னொரு குழப்பம் கரட் என்ற சொல். தங்கத்தில் கரட் என்பது சுத்தம்: 22 கரட்டில் 91.6 வீதம் தங்கம், 18 கரட்டில் 75 வீதம். வைரத்தில் கரட் என்பது எடை: ஒரு கரட் 0.2 கிராம், அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். வைர நகையைப் பெரும்பாலும் 18 கரட்டில் செய்வார்கள், 22 கரட் மென்மையானது, கல்லைப் பிடித்து வைக்கும் நகங்கள் இலகுவில் வளைந்துவிடும். அதில் பிழை இல்லை. ஆனால் 18 கரட் நகைக்கு 22 கரட் விலை போடப்படுகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

கடைசியாக, வைரத்தைத் தங்கம் மாதிரிச் சேமிப்பாக நினைக்க வேண்டாம். அவசரத்துக்கு அடைவு வைக்கப் போனால் பெரும்பாலும் தங்கத்தின் எடைக்குத்தான் காசு தருவார்கள். கல்லுக்கு ஒன்றும் வராது. பெண்ணுக்குக் கையிருப்பு வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் அந்தக் காசுக்குப் பவுண் எடுப்பது நல்லது. நான் இதை எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

படி 2: ஊரில் விசாரியுங்கள், ஆனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

கஸ்தூரியார் வீதியிலும் கன்னாதிட்டியிலும் நடந்தால் நகைக்கடைகளுக்குக் குறைவில்லை. எங்கள் வழக்கமான கேள்வி "எந்தக் கடை நல்ல கடை?" என்பது. அதற்கு வரும் பதில் தங்கத்தை வைத்துச் சொல்லும் பதில். "வைரம் வாங்கிப் பிறகு மாற்றவோ விற்கவோ போனீங்களோ, அப்ப என்ன சொன்னவை?" என்று கேளுங்கள். விற்கிற நேரம் எல்லாக் கடையிலும் தேநீர் கிடைக்கும், திரும்பக் கொண்டுபோகிற நேரம்தான் ஆளைத் தெரியும். வெளிநாட்டுக்குப் போனவர்கள் அங்கே நகையை மதிப்பிட்டிருப்பார்கள். அவர்களின் அனுபவம் மிகப் பெறுமதியானது. வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பிக் கேட்டாலே போதும்.

குடும்பப் பத்தரையும் விட்டுவிடாதீர்கள். அவர் வைரம் விற்காவிட்டாலும், எந்தக் கடை எங்கே கல் கட்டுவிக்கிறது, யார் கல்லை மாற்றிவிடுவார்கள் என்ற கதை அவர்கள் வட்டத்துக்குள் ஓடும்.

படி 3: வாங்காத ஒரு நாளில் கடைக்குப் போங்கள்

காசைக் கொண்டுபோகாமல், கலியாண நாளை யாருக்கும் சொல்லாமல், ஒரு வாரநாள் காலையில் போங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் போக வேண்டாம். அந்த 25 நாளும் வெளிநாட்டில் இருந்து வந்தவர்களால் கடைகள் நிரம்பியிருக்கும், ஒருவருக்கும் பொறுமை இருக்காது. கலியாண மாதங்களின் கடைசி வாரங்களும் அப்படித்தான். குறைந்தது மூன்று கடை பாருங்கள்.

போனதும் கல்லைப் பற்றி அறியாதவர் போலவே கேட்டு, அவர் எப்படி விளக்குகிறார் என்று கவனியுங்கள். நல்ல கடைக்காரர் நான்கு விஷயத்தைப் பிரித்துச் சொல்வார்: எடை, நிறம், தெளிவு, வெட்டு. நிறம் டி என்ற எழுத்தில் தொடங்கி இசட் வரை இறங்கும். டி என்றால் நிறமே இல்லாதது, கீழே போகப் போக மஞ்சள் ஏறும். தெளிவு என்பது கல்லுக்குள் புள்ளி, கீறல் எவ்வளவு குறைவு என்பது. அதில் வி.வி.எஸ், வி.எஸ், எஸ்.ஐ என்று இறங்கும் படிகள் உண்டு. மஞ்சள் தங்கத்தில் பதிக்கும் கல்லுக்கு டி, இ நிறத்துக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை, ஐ, ஜே நிறமே தங்கத்தின் மஞ்சளோடு அழகாக இருக்கும். வெட்டில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது, ஏனென்றால் மினுக்கம் முழுக்க அதில்தான் இருக்கிறது. இதைத் தானாகவே சொல்லி உங்கள் செலவைக் குறைக்கிற கடைக்காரர் கிடைத்தால் அவர் பெயரைக் குறித்து வையுங்கள். எனக்குக் கிடைத்தவர் அப்படிப்பட்டவர்தான். விலை கூடிய கல்லை எடுக்கப் போனபோது, "அக்கா, இந்தத் தோட்டுக்கு அது வீண் செலவு" என்று தட்டைத் தள்ளி வைத்தார்.

"பெல்ஜியம் வைரம்", "புளூ ஜாகர்" என்ற சொற்களோடு மட்டும் பேச்சு நின்றால் அது போதாது. பெல்ஜியத்தில் வைரம் விளைவதில்லை, அந்நாட்டின் அன்ட்வெர்ப் நகரம் பெரிய வைரச் சந்தை, அவ்வளவுதான். இன்று உலகின் பெரும்பாலான வைரம் இந்தியாவின் சூரத்தில் வெட்டப்படுகிறது. ஜாகர் என்பது தென்னாபிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டெயின் சுரங்கத்தின் பெயரில் இருந்து வந்தது, அந்தச் சுரங்கம் 1971இல் மூடப்பட்டுவிட்டது. இவை தரத்தின் அளவுகள் அல்ல.

கல்லைக் கடையின் விளக்கு வெளிச்சத்தில் மட்டும் பார்க்காதீர்கள். அந்த விளக்கின் கீழ் எந்தக் கல்லும் மின்னும். வாசலுக்குக் கொண்டுவந்து, வெயில் நேரே படாத நிழல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் பார்க்க, பதிக்காத கல்லை வெள்ளைத் தாளில் முகம் கீழாக வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். "வாசலில பாக்கலாமோ?" என்று கேட்டதும் கூட ஒரு பணியாளரை அனுப்பி வைப்பது நியாயம். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

படி 4: ஐந்து கேள்வி

நான் கேட்கும் கேள்விகள் இவை. எழுதியே கொண்டுபோவேன்.

"அண்ணை, இது இயற்கைக் கல்லோ, ஆய்வுகூடத்தில வளர்த்ததோ?" பதில் ஒரு சொல்லில் வர வேண்டும். "எல்லாம் ஒறிஜினல்" என்பது பதில் அல்ல. ஆய்வுகூடக் கல்லையும் ஒறிஜினல் என்று சொல்லலாம்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" இதுதான் முக்கியமான கேள்வி. பல கடைகளில் பேனை போல ஒரு கருவியை எடுத்துக் கல்லில் தொட்டுக் காட்டுவார்கள், அது கீச்சென்று சத்தம் போடும், நாங்களும் திருப்தியாகத் தலையாட்டுவோம். அந்தக் கருவி வெப்பம் கடத்தும் வேகத்தைப் பார்க்கிறது. கியூபிக் சேர்க்கோனியாவை அது பிடித்துவிடும். மொய்சனைட்டும் வைரம் போலவே வெப்பத்தைக் கடத்துவதால் வெப்பத்தை மட்டும் பார்க்கும் கருவி அதையும் வைரம் என்றே சொல்லும். மின்கடத்தலையும் சேர்த்துப் பார்க்கும் கருவி வேண்டும். ஆய்வுகூட வைரத்தை இயற்கை வைரத்தில் இருந்து இந்த இரண்டு கருவியும் பிரிக்காது. அதற்கு ஒளி அலைகளை அளக்கும் ஆய்வுகூடச் சாதனங்கள் வேண்டும். இதை மறைக்காமல் சொல்லி, "அதுக்குத்தான் ஆய்வறிக்கை உள்ள கல்லை எடுக்கிறம்" என்று சொல்பவர் தொழில் தெரிந்தவர். "நாப்பது வருசமா இந்தத் தொழில் செய்யிறன், கண்ணால பாத்தாலே தெரியும்" என்பவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் எங்களை இந்தத் தோட்டில் ஏமாற வைத்தது அந்த நம்பிக்கைதான்.

"லென்ஸில நானும் பாக்கலாமோ?" பத்து மடங்கு பெருப்பிக்கும் கண்ணாடி எல்லாக் கடையிலும் இருக்கும். மொய்சனைட்டையும் சேர்க்கோனையும் சற்றுச் சரித்துப் பார்த்தால் பின்பக்கத்து விளிம்புகள் இரட்டைக் கோடாகத் தெரியும். வைரத்தில் ஒற்றைக் கோடுதான்.

"திரும்பக் கொண்டுவந்தால் எத்தனை வீதம் கழிப்பீங்கள்? காசாகத் தருவீங்களோ, நகையாகத்தானோ?"

"வேறு இடத்தில சோதிச்சு வேறு மாதிரி வந்தால் என்ன செய்வீங்கள்?" முழுக் காசும் திரும்ப என்று எழுதித் தரத் தயாராக இருக்கிறாரா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

படி 5: அறிக்கையைக் கல்லோடு பொருத்துங்கள்

கடையின் பெயர் அச்சிட்ட அட்டை சான்றிதழ் அல்ல. விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஆய்வகம் தந்த அறிக்கை வேண்டும். ஜி.ஐ.ஏ 1931இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம், தரப்படுத்தலில் கண்டிப்பானது. ஐ.ஜி.ஐ என்ற இன்னொரு ஆய்வகத்தின் அறிக்கைகளும் எங்கள் பக்கம் நிறைய வருகின்றன. ஐ.ஜி.ஐ அறிக்கை எண் எல்.ஜி என்ற எழுத்துகளில் தொடங்கினால் அது ஆய்வுகூடக் கல். இது ஒன்றைத் தெரிந்திருந்தாலே பலர் தப்பியிருப்பார்கள். இரு நிறுவனத்தின் இணையத்தளத்திலும் எண்ணைப் போட்டு அறிக்கையைப் பார்க்கலாம். கடையில் நின்றபடியே உங்கள் கைப்பேசியில் பாருங்கள், கடைக்காரர் நீட்டும் கைப்பேசியில் வேண்டாம்.

அறிக்கை உண்மையானது என்பதோடு வேலை முடியவில்லை. இந்தக் கல்தான் அந்தக் கல்லா என்று பார்க்க வேண்டும். பல கற்களின் இடுப்பு விளிம்பில் லேசரால் எண் பொறித்திருக்கும். லென்ஸில் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், கடைக்காரரிடம் காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் போலியாகப் பொறிப்பவர்கள் உண்டு. ஆய்வுகூடக் கல்லில் இயற்கைக் கல்லின் எண்ணைப் பொறித்துக் கொண்டுவந்ததை ஜி.ஐ.ஏ ஆய்வகமே பிடித்து வெளியிட்டிருக்கிறது. அதனால் எடையையும் பாருங்கள். அறிக்கையில் கரட்டின் இரண்டாம் தசமம் வரை எடையும், மில்லிமீற்றரில் அளவுகளும் இருக்கும். பதிக்காத கல்லை மின்தராசில் வைத்தால் அது சரியாக ஒத்துவர வேண்டும்.

இதனால்தான் பெரிய கல் வாங்குபவர்களுக்கு நான் சொல்வது: கல்லைத் தனியாக வாங்குங்கள், சோதித்த பிறகு பதிக்கக் கொடுங்கள். பதித்துவிட்டால் எடை பார்க்க வழியில்லை. பழைய பாணித் தோட்டில் கல்லின் பின்பக்கத்தை மூடிக் கட்டுவார்கள், உள்ளே மினுக்கத்துக்குத் தகடு வைத்திருந்தாலும் தெரியாது. அந்தப் பாணிதான் அழகு என்று வீட்டில் பெரியவர்கள் விரும்பினால் சரி, கட்டும் முன் கல்லைப் பார்த்துவிடுங்கள்.

எட்டுக்கல், ஏழுகல் வைக்கிற தோட்டில் ஒவ்வொரு சிறு கல்லுக்கும் அறிக்கை இராது. அங்கே கேட்க வேண்டியது தனிக் கல்லின் எடை. "மொத்தம் ஒரு கரட்" என்பதைக் கேட்டு ஒரு கரட் கல்லின் விலையைக் கொடுத்துவிடக் கூடாது. பத்துச் சென்ட் கல் பத்துச் சேர்ந்தாலும் அதே தரத்து ஒரு கரட் ஒற்றைக் கல்லின் விலைக்குக் கிட்டவும் வராது.

சில இடங்களில் கிம்பர்லி சான்றிதழ் என்பதைக் காட்டுவார்கள். 2003இல் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாடு வெட்டாத கற்கள் நாட்டுக்கு நாடு போவதைக் கட்டுப்படுத்துவது. உங்கள் விரலில் உள்ள கல்லின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

படி 6: ராசி பார்க்கும் நாளைச் சோதனைக்குப் பயன்படுத்துங்கள்

எங்கள் பெரியவர்கள் வைரத்தை உடனே வாங்கமாட்டார்கள். வைரம் எல்லாருக்கும் ஒத்துவராது என்று சொல்லி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில நாள் வைத்துப் பார்ப்பார்கள். அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ராசி பார்ப்பவர்கள் பார்க்கட்டும், அதே நாட்களில் கல்லை இன்னொருவரிடம் காட்டுங்கள். முற்பணம் கட்டி, எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் கேளுங்கள். தெரிந்த குடும்பத்துக்கு நல்ல கடை அதைத் தரும்.

1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை கொழும்பில் கற்களைப் பரிசோதித்துத் தருகிறது. போக முன் தொலைபேசியில் அழைத்து, பதித்த கல்லை எடுப்பார்களா, இயற்கைக் கல்லையும் ஆய்வுகூடக் கல்லையும் பிரித்து எழுதித் தருவார்களா, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுக்கொண்டு யாழ்தேவியில் ஏறுங்கள். விற்ற கடையே சொல்லும் "எங்களுக்குத் தெரிஞ்ச சோதனை ஆள்" வேண்டாம்.

படி 7: பற்றுச்சீட்டு

எங்களுக்கு நட்டம் வந்தது இங்கேதான், அதனால் இதில் மட்டும் கூச்சப்படாதீர்கள். பின்வருவன ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்க வேண்டும்: "இயற்கை வைரம்" அல்லது "ஆய்வுகூட வைரம்" என்ற முழுச் சொல், கற்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் கரட் எடை, நிறம், தெளிவு, அறிக்கை எண், தங்கத்தின் கரட், கல்லைக் கழித்த தங்க எடை, அன்றைய தங்க விலை, செய்கூலி, சேதாரம், கல்லின் விலை. ஒரு பவுண் 8 கிராம் என்பதை வைத்து அங்கேயே கணக்குப் பாருங்கள். வெடிப்பை நிரப்பியோ லேசரால் துளைத்தோ மெருகேற்றிய கல் இல்லை என்றும் எழுதுவியுங்கள். வெடிப்பு நிரப்பிய கல், பிறகு ஒருநாள் பத்தரின் ஊதுகுழல் நெருப்புப் பட்டாலே பழுதாகிவிடும். திரும்ப எடுக்கும் வீதமும் அதே தாளில், கையொப்பத்தோடும் முத்திரையோடும்.

"பில் இல்லாட்டி குறைச்சுத் தரலாம்" என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் எங்களுக்காக இருப்பது. சொன்ன உத்தரவாதத்துக்கு மாறான பொருள் என்றால் அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடலாம், 1977 என்ற இலக்கத்தில் அழைத்தும் கேட்கலாம். ஆனால் பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டைக் கொடுக்க வேண்டும். என் மச்சாள் மூன்று வருடம் கழித்துக் கண்டுபிடித்தாள். சோதனையை முதல் வாரத்திலேயே செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

படி 8: கல்லைத் திரும்பக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும்

வாங்கியதும் பற்றுச்சீட்டையும் அறிக்கையையும் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள், அச்சு மை சில வருடத்தில் மங்கிவிடும். கல் மாறுவது வாங்கும் அன்று மட்டும் நடப்பதல்ல. கழுவ, நகம் இறுக்க, அளவு மாற்ற என்று நகையைக் கொடுக்கும்போதும் நடக்கலாம். கொடுக்க முன் லென்ஸில் விளிம்பு எண்ணையும், உள்ளே தெரியும் சிறு புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் கடைக்காரரோடு சேர்ந்து பார்த்து, அதை ஒப்படைப்புச் சீட்டில் எழுதுவியுங்கள். எடுக்கும்போது அதே சீட்டை விரித்து வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். சிறிய வேலை என்றால் முன்னால் இருந்தே செய்விக்கலாம். எங்கள் பத்தரின் மகன் இப்போது நான் கேட்காமலே லென்ஸை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைக்கிறார்.